நாளுக்குக் கால் சுற்று

"அப்பாவும் ஒருக்கா வாயைத் திறவுங்கோ" என்றார் டாக்டர் ரூபினி.

பரஞ்சோதிக்கு அது தன்னைச் சொன்னதாகவே படவில்லை. பத்து வயது மகள் தர்மிளாவுக்கு மேல்வரிசைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு முளைக்கின்றன என்று பள்ளிக்கு வந்த பல் நர்ஸ் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டுதான் அவன் விடுப்புப் போட்டுத் தங்கள் ஊரான குருணிலிருந்து மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாரின் பல் மருத்துவமனைக்கு வந்திருந்தான். வைத்தியம் பிள்ளைக்கு. அவன் சும்மா காடியின் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டிக்கொண்டு வந்தவன். ஆனால் டாக்டர் கையிலிருந்த சிறிய கண்ணாடி அவன் முகத்துக்கு நேரே நீண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி நளினி அவன் முழங்கையை இடித்தாள். வாயை அவன் பெரிதாகத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே பாதி திறந்துதான் இருந்தது.

டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அவர் அலோர் ஸ்டாரிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஆங்கிலத்தில் வேகமாகவும் தமிழில் நிதானமாகவும் பேசினார். "ரெண்டு பேருக்கும் ஒரே அண்ணம். குறுகி, கோபுரம் மாதிரி உயர்ந்து போய்க் கிடக்கு. பல்லுக்கு இடமில்லை. ஆனா இது பல்லு விஷயம் மட்டும் இல்லை. வாயின்ர கூரைதான் மூக்கின்ர தரை. கூரை ஒடுக்கமெண்டா மேல மூக்கும் ஒடுக்கம். பிள்ளை நித்திரையில வாயாலதானே மூச்சு விடுறா?"

நளினி தலையாட்டினாள். குறட்டையும் உண்டு. காலையில் எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பகலெல்லாம் ஒரு சோர்வு. டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மூக்கில் ஒவ்வாமையும் இருக்கலாம், அதற்குக் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும், அவர் மூக்கில் அடிக்க மருந்து கொடுப்பார் என்றார். இந்த வயதில் அண்ணத்தின் எலும்பு இரண்டு பாதியாக இருக்கும், நடுப் பொருத்து இன்னும் இறுகியிருக்காது. உலோகக் கருவி ஒன்றைக் கடைவாய்ப் பற்களில் ஒட்டி, நடுவிலிருக்கும் திருகை ஒரு சின்னச் சாவியால் நாளுக்குக் கால் சுற்று திருகினால் இரண்டு பாதியும் மெல்ல விலகும், இடைவெளியில் புது எலும்பு வளரும்.

"மூச்சு நல்லா வந்துருமா டாக்டர்?" என்று பரஞ்சோதி கேட்டான்.

"சில பிள்ளையளுக்கு நல்லா வரும். சிலருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பல்லுக்கு இடம் வரும், அது நிச்சயம். மற்றதுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டன்."

"மொகம் மாறுமா?" என்றாள் நளினி.

"கொஞ்சம் மாறலாம். கனக்க எதிர்பார்க்காதேங்கோ."

எல்லாரும் எழுந்த பிறகு கதவருகே நின்று அவன் கேட்டான், "அப்ப எனக்கு டாக்டர்?" கேட்டபின் கூச்சமாக இருந்தது. டாக்டர் சிரித்தார், கேலியாக அல்ல. "உங்களுக்கு அது எப்பவோ ஒட்டிப் போச்சு அப்பா. இனிச் செய்யிறதெண்டா ஆப்பரேஷன்தான்."

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த 'எப்பவோ' என்ற சொல் அவனை விடவில்லை. எப்போது? பாடாங் மேஹா ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் அவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதா? அங்கே அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். வாயில் ஈ போகுது பார் என்று வாத்தியார் வகுப்பையே சிரிக்க வைப்பார். அவனும் சேர்ந்து சிரிப்பான். காலையில் தலை கனமாக இருக்கும், பத்து மணிக்கெல்லாம் கண் சொருகும், வாத்தியார் சொன்னது ஒரு காதில் நுழைந்து இன்னொரு காதில் வெளியே போய்விடும். அவன் மந்தம் என்பதில் யாருக்கும், அவனுக்கேகூட, சந்தேகம் இருந்ததில்லை. இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றோடு நின்றுவிட்டான். இப்போது தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுகிறான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைத் திறந்து வைத்திருக்க பெப்பர்மின்ட் மிட்டாய் மெல்லுவான். கல்யாணத்தின்போது படக்காரர் "வாய மூடுங்க அண்ணே, வாய மூடுங்க" என்று ஒவ்வொரு படத்துக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். மூடினால் இருபது விநாடிக்கு மேல் தாங்காது. ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அவன் நீரில் முங்கப் போகிறவன் மாதிரி நிற்கிறான். இதெல்லாம் தன் குணம் என்றல்லவா நாற்பத்து மூன்று வருடம் நினைத்திருந்தான்? சில மில்லிமீட்டர் எலும்பா காரணம்? அப்படி நினைக்க ஆறுதலாகவும் இருந்தது, அந்த ஆறுதலின் மேலேயே ஆத்திரமாகவும் வந்தது. யார்மேல் ஆத்திரம் என்றுதான் பிடிபடவில்லை.

கருவி ஒட்டிய மறுநாளிலிருந்து திருகும் வேலை அவனுக்கு வந்தது. நளினிதான் முதலில் செய்து பார்த்தாள். முதல் தடவையே சாவி நழுவிப் பிள்ளையின் நாக்கில் குத்திவிட்டது. அதனால் காலை ஷிப்ட் முடிந்து அவன் வந்ததும், மாலை வெயில் சன்னலில் இருக்கும்போதே, தர்மிளா அவன் மடியில் தலை வைத்துப் படுப்பாள். வாயைத் திறப்பாள். சிலந்தி ஒன்று கால் பரப்பி அண்ணத்தில் ஒட்டிக்கிடப்பதுபோல இருக்கும் அந்தக் கருவி. நடுவே ஊசித் துளை. சாவியை நுழைத்து முன்னாலிருந்து தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும், அடுத்த துளை தெரியும்வரை. அவ்வளவுதான். சத்தம் எதுவும் வராது. ஆனால் தர்மிளா கண்ணை இறுக்கிக்கொள்வாள். "மூக்குக்கு மேல என்னமோ ஊருதுப்பா" என்பாள். அவன் அவளுடைய மூக்குத்தண்டைக் கட்டைவிரலால் தேய்த்துவிடுவான். தான் பெற்ற பிள்ளையின் எலும்பைத் தன் கையாலேயே பிளக்கிறோம் என்று ஒவ்வொரு நாளும் அந்த ஒரு நொடியில் தோன்றும். அப்புறம் சாவியைக் கழுவி வைத்துவிட்டுக் குளிக்கப் போவான்.

பத்தாம் நாள் காலை நளினி தலை வாரிவிடும்போது கத்தினாள். அவன் ஓடிப்போய்ப் பார்த்தான். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து விழுந்திருந்தது. நேற்றுவரை தெரியாத அது இன்று ஒரு நெல்மணி நுழையும் அளவுக்கு இருந்தது. டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், எலும்பு விலகுவதற்கு அதுதான் அடையாளம், பிறகு தானாக மூடிக்கொள்ளும் என்று. நளினியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் பிள்ளையின் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து அழுதாள். "நல்லா இருந்த மொகத்த என்னா பண்ணி வச்சிருக்கீங்க? இது என் புள்ள மொகமே இல்ல." தர்மிளா கண்ணாடியில் பல்லைக் காட்டி, சந்தில் நாக்கை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அவளுடைய கவலை வேறு.

அவள் பள்ளியின் கதைசொல்லி. கதை சொல்லும் போட்டியில் மாவட்டத்தில் முதலாவதாக வந்து மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். மேனகா டீச்சர் இரண்டு வருடமாக அவளைப் பழக்குகிறார். நாலாம் ஆண்டுப் பிள்ளைகளில் ழகரம் சுத்தமாக வருவது இவளுக்குத்தான் என்று டீச்சர் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறார். இப்போது நாக்கை மடித்து மேலே கொண்டுபோனால் அங்கே இரும்பு இருந்தது. மழை என்றால் மயை என்று வந்தது. பள்ளி, பல்லி ஆனது. எச்சில் வேறு ஊறியது. வகுப்பில் யாரோ அவள் பேசுவதுபோலப் பேசிக் காட்டியிருக்கிறார்கள். டீச்சர் பரஞ்சோதிக்குப் போன் செய்தார். "போட்டி வரைக்கும் அதக் கழட்டி வைக்க முடியாதாங்க? இன்னும் மூணு வாரந்தான். இப்பப் போய் ஏங்க மாட்டுனீங்க?" கழற்ற முடியாது, ஒட்டியிருக்கிறது என்று அவன் சொன்னான். தங்கள் முறை வந்தபோது டாக்டர் கூப்பிட்டார், போனார்கள், அவ்வளவுதான். போட்டி நாளை நினைக்கவே இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அன்று மாலை மடியில் தலை வைத்தவள் வாயைத் திறக்கவில்லை. "இன்னிக்கு வேணாம்ப்பா" என்றாள். "போட்டி முடியற வரைக்கும் வேணாம். திருகத் திருக இன்னும் மோசமா வருது. அம்மாகிட்ட சொல்லாதீங்க." திருகாவிட்டாலும் கருவி அங்கேயேதான் இருக்கப் போகிறது, பேச்சு மாறாது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவள் கண்ணைப் பார்த்தபோது சாவியைத் துளையில் நுழைத்துத் திருகாமலே எடுத்துவிட்டான். மறுநாளும் அப்படியே. அடுத்த நாளும். மூன்று நாளும் அவன் மனத்துக்குள் யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருவன் சொன்னான், நீ இந்தப் பிள்ளைக்காகத் திருகவில்லை, பாடாங் மேஹாவில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவனுக்காகத் திருகிக்கொண்டிருந்தாய், விடு. இன்னொருவன் சொன்னான், இப்போது விட்டால் இவளுக்கும் ஒட்டிப் போகும். இரண்டுமே சரியென்று பட்டது. போர்க்லிப்டில் உட்கார்ந்து அதை யோசித்துக்கொண்டே ஒரு பெட்டியைத் தவறான அடுக்கில் ஏற்றிவிட்டு, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

நான்காம் நாள் பரிசோதனை. டாக்டர் ரூபினி பிள்ளையின் வாயைப் பார்த்தார். அளந்தார். மறுபடியும் அளந்தார். "எத்தனை தரம் திருகினீங்கள்?" பரஞ்சோதி நாள் கணக்குப்படி எண்ணைச் சொன்னான். டாக்டர் அவனையே பார்த்தார். தர்மிளா நாற்காலியில் படுத்தபடியே கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினாள். "மூணு நாள் திருகல டாக்டர். நான்தான் சொன்னேன்."

நளினிக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் மகிழ்ச்சியடைவாள் என்றுதான் அவன் எதிர்பார்த்திருந்தான். "நான் அழுதப்ப நீங்க நிறுத்துனீங்களா? டாக்டர் சொன்னது சொன்னதுதான்னீங்க. அவ சொன்னா மட்டும் நிறுத்திட்டு, என் முன்னாலயே திருகுற மாதிரி நடிச்சிருக்கீங்க லா" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் அவனை இன்னும் குறுக வைத்தது.

"மூண்டு நாளில ஒண்டும் கெட்டுப் போகாது" என்றார் டாக்டர். "ஆனா கன நாள் விட்டா எலும்பு இறுகத் தொடங்கும். எனக்குப் பொய் மட்டும் சொல்லாதேங்கோ. நான் அந்தக் கணக்கை வச்சுத்தான் வேலை செய்யிறன்." பிறகு, நர்ஸ் பிள்ளைக்கு வாய் கொப்பளிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பரஞ்சோதி கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டான். கேள்வி அவனுக்கே ஒழுங்காக வரவில்லை. "டாக்டர், எனக்குச் சின்ன வயசுல படிப்பு ஏறல. எப்பவும் தூக்கம். எல்லாரும் என்னைய போடோ, மண்டுன்னுதான் சொல்வாங்க. அது… இதனாலயா இருக்குமா?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "இருக்கலாம்" என்றார். "இல்லாமலும் இருக்கலாம். நித்திரை ஒழுங்கா இல்லாத பிள்ளைக்குப் படிப்புக் கஷ்டம், அது உண்மை. ஆனா உங்களுக்கு என்ன நடந்ததெண்டு இப்ப ஒருத்தராலும் சொல்லேலாது அப்பா. ஓமெண்டு சொன்னா நீங்கள் சந்தோசப்படுவீங்கள், எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாததைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இப்பவும் பகலில நித்திரை வருதெண்டால் அதை ஒருக்காப் பாக்க வேணும். நான் கடிதம் தாறன்." அந்தக் கடிதத்தை அவன் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டான். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் எதையாவது இறக்கி வைத்திருக்கலாம். இப்போது முன்பைவிடப் பாரம் கூடியதுபோல இருந்தது.

மூவரும் காடியில் வீடு திரும்பினார்கள். ஜெராய் மலை தெரியத் தொடங்கிய இடத்தில் பின்னிருக்கையிலிருந்து தர்மிளா சொன்னாள், "திருகுங்கப்பா. நான் கதைய மாத்திக்கிறேன்."

எப்படி என்று அவர்களுக்கு விளங்கவில்லை. இரண்டு வாரம் அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து டீச்சர் எழுதிக் கொடுத்த தாளில் அடித்து அடித்து எழுதினாள். வழி தவறிய யானைக்குட்டியின் கதை அது. வழி தவறி என்பதை அடித்துப் பாதை மறந்து என்று எழுதினாள். மழை தூறல் ஆனது. வாழைப்பழம் போய்க் கரும்பு வந்தது. யானைக்குட்டி பள்ளத்தில் விழுந்து அழுவதாக இருந்த இடத்தில் அது சேற்றில் சரிந்து விம்மியது. குழந்தைகளே என்று கூப்பிடுவதற்குப் பதில் தம்பி தங்கையரே என்றாள். தன் வாயில் வராத எழுத்துள்ள சொல் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து வெளியே தள்ளினாள். சொல் அகப்படாதபோது டீச்சருக்குப் போன் போட்டு, "டீச்சர், ஆழத்துக்கு வேற என்னா இருக்கு?" என்று கேட்டாள். மாலையில் வந்து மடியில் படுத்து, வாயைத் திறந்து, கண்ணை மூடிக்கொள்வாள். அவன் திருகினான். ஒவ்வொரு முறையும் நளினி பக்கத்தில் வந்து நின்று, சாவி முழுவதும் போகிறதா என்று பார்த்தாள்.

போட்டி அலோர் ஸ்டாரில் ஒரு மண்டபத்தில், சனிக்கிழமை காலை. தர்மிளா பதினோராவது ஆள். முன்னால் பேசிய பிள்ளைகளின் தமிழ் மணி மணியாக விழுந்தது. அவளால் மாற்ற முடியாத சொல் ஒன்று தொடக்கத்திலேயே இருந்தது. தமிழுக்கு வணக்கம் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும், எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அவள் ஒலிவாங்கி முன் நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு, "தமி" என்று ஒரு கணம் நின்றாள். பிறகு வந்தது ழவும் அல்ல, லவும் அல்ல. அதற்கு எழுத்து கிடையாது. மண்டபத்தில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். நளினி புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டாள். அப்புறம் யானைக்குட்டி பாதை மறந்தது, தூறலில் நனைந்தது, சேற்றில் சரிந்தது, விம்மியது. ஒரு இடத்தில்கூட அவள் தடுமாறவில்லை. பற்களின் சந்தில் சிரிப்பு தெரிய, துதிக்கையைப்போலக் கையை நீட்டிக்கொண்டு மேடையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்தாள்.

பரிசு கிடைக்கவில்லை. நடுவர் தந்த தாளில் உச்சரிப்பில் மிகுந்த கவனம் தேவை என்றிருந்தது. அதற்குக் கீழே அதே கையெழுத்தில் சொல் தேர்வு புதுமை, யார் எழுதியது என்று ஒரு கேள்விக்குறி. மேனகா டீச்சர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, பாராட்டா குறையா என்று தெரியாமல் நளினியிடம் நீட்டினார். தர்மிளா வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "போன வருசம் நடுவுல மூச்சு வாங்குச்சுல்ல டீச்சர், இந்தத் தடவ வாங்கல" என்றாள். அது திருகியதாலா, மூக்கில் அடிக்கும் மருந்தாலா, ஒரு வயது கூடியதாலா, இரண்டு வாரம் இரவும் பகலும் பழகியதாலா?

திரும்பும்போது நெடுஞ்சாலையில் போகாமல் பழைய ரோட்டில் போகலாம் என்று நளினி சொன்னாள். அறுவடைக் காலம். இரு பக்கமும் வயல் பாதி வெட்டியும் பாதி வெட்டாமலும் கிடந்தது. கதிர் அறுக்கும் இயந்திரத்தின் பின்னால் கொக்குகள் கூட்டமாக இறங்கின. சற்று முன் மழை தூவி நின்றிருந்தது. தர்மிளா சன்னல் கண்ணாடியை இறக்கினாள். கொஞ்ச தூரம் போனதும், "ப்பா, நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினாள். வாந்தி வருகிறதோ என்று அவன் பதறிப்போய் ஓரங்கட்டினான். அவள் கதவைத் திறந்து இறங்கி, வாய்க்கால் கரையில் நின்று தலையைத் தூக்கினாள்.

"இது என்னா வாசன?"

"எது?" என்றான் அவன்.

"இதுதான். இனிப்பா, ஈரமா… சோறு வடிக்கிற மாதிரி. ஆனா சோறு இல்ல."

நளினி இறங்கி வந்தாள். "வைக்கோலு லா. நனஞ்ச வைக்கோலு. எத்தன வருசமா இந்தப் பக்கம் போய்க்கிட்டு வந்துகிட்டு இருக்கோம், இன்னிக்குத்தான் கேக்குற?"

"இன்னிக்குத்தான் வருது" என்றாள் தர்மிளா.

இருவரும் முகத்தைக் காற்றுக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றார்கள். பரஞ்சோதி அவர்களுக்கு இரண்டு அடி பின்னால் நின்றான். உதடுகளைச் சேர்த்து மூடிக்கொண்டு மூக்கால் இழுத்தான். உள்ளே எங்கேயோ ஒரு மெல்லிய விசில் சத்தம் கேட்டது. இன்னும் ஆழமாக இழுத்தான். வயலில் இயந்திரம் திரும்பி அவர்கள் பக்கமாக வரத் தொடங்கியது. கொக்குகள் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வெட்டிய நெல்தாள்களின்மேல் மறுபடியும் அமர்ந்தன. அவன் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தான்.